பதினேழாம் மூட்டு

யூலை 5, வெள்ளி

காலையிலிருந்தே சோளகக் காற்று. ரயில் பெட்டிக் கூரையில் நிற்க முடியவில்லை. தொப்பி இரண்டு தரம் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குள் போனது. மூன்றாம் தரம் எடுக்கப் போகவில்லை.

இன்றைய வேலை மூட்டுச் சோதனை. எட்டுச் சிலிண்டர், இருபத்துநாலு மூட்டு, எல்லாம் பெட்டியின் கூரையில். இந்த ரயிலின் எரிபொருளான ஐதரசன் பாரமில்லாத வாயு. கசிந்தால் மேலே போய்விடும். ஆகவே ஆட்களின் தலைக்கு மேலே வைப்பதுதான் பாதுகாப்பு. இதை இந்த மாதம் எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று. முந்தநாள் சுன்னாகம் ஸ்டேசனில் ஒரு பெரியவர்: "பிள்ளை, தலைக்கு மேலை குண்டை வச்சுக்கொண்டோ ஓடப்போறியள்?" நான் வாயைத் திறக்குமுன் என் பொருத்துநர் சுகந்தி சொன்னாள்: "வீட்டிலை காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலை இருந்துதானே ஐயா சாப்பிடுறியள்." அவர் சிரித்துவிட்டார். நான் என்றால் அழுத்தம், வால்வு, சுவரின் தடிப்பு என்று வகுப்பெடுத்திருப்பேன்.

கசிவு பார்க்கும் திரவம் கொழும்பிலிருந்து வந்த பார்சலுக்குள்ளேயே உடைந்து கிடந்தது. புதிது வரப் பத்து நாளாம். சுகந்தி: "அக்கா, சவுக்காரத் தண்ணி காணும். வள்ளத்து எஞ்சின் பைப், சைக்கிள் டியூப், காஸ் அடுப்பு, எல்லாம் உதிலைதானே பாக்கிறது." சரிதான், கையேட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. "சரி, கரை" என்றேன்.

பெட்டியை நிறுத்தியிருக்கும் சைடிங் தண்டவாளத்தின் ஓரத்துக் கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் கலக்கினாள். குழாய்களுக்குள் சோதனைக்கு நைதரசன், முழு அழுத்தத்தில். அவள் பிரஷால் பூச, நான் குனிந்து பார்க்க, ஒன்று முதல் இருபத்துநாலு வரை. ஒன்றிலும் குமிழி இல்லை, அதாவது கசிவு இல்லை. முதுகு முறிந்தது. படிவத்தில் இரண்டு கோடு. சோதித்தவர்: சுகந்தி. உறுதிப்படுத்தியவர்: நான்.

மதியம் பெட்டிக்குள் இருந்து சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்தது புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். என்னுடையது கடைப் பார்சல். பாதிக்குப் பாதி மாற்றினோம். கேட்காமலே மாற்றுகிறாள், மூன்று மாதமாக.

யூலை 6, சனி

காற்று. வெயில். கண்ணுக்குள் மண்.

வெள்ளோட்டம் 14ஆம் திகதி ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. இந்தச் சைடிங்கிலிருந்து கொடிகாமம் வரை, திரும்பி இங்கே. அழைப்பிதழ் அறுபது பேருக்கு. பணிப்பாளர் கொழும்பிலிருந்து தொலைபேசியில்: "வதனி, ஆடி பிறக்கமுதல் விட்டுப்போடவேணும். பிறகு எண்டால் ஆவணிக்குத்தான். சனம் ஆடியிலை புதுசு தொடங்க விடாது, தெரியும்தானே." தெரியும். எங்கள் வீட்டில் ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்க விட்டதில்லை.

அடுத்த பிரச்சினை கற்பூரம். புது வாகனம் என்றால் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் யார் விடுவார்கள்? கோயில் ஐயர் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னுக்கு ஒரு தட்டு, பின்னுக்கு ஒரு தட்டு, பிறகு சாம்பிராணியை உள்ளுக்குக் கொண்டுபோவம்" என்றார். தலை சுற்றியது. பெட்டியிலிருந்து ஐம்பது யார் தூரம் தள்ளி, பனையடியில் செய்யுங்கள் என்றேன். "அம்மா, அப்ப சாமி ஆருக்கு, றெயினுக்கோ பனைக்கோ?" சுகந்தி இடையில் புகுந்து, ஐதரசன் எரிந்தால் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை என்று விளக்கினாள். ஐயர் கொஞ்சம் யோசித்தார். "தெரியாத நெருப்பு எண்டால் அது பெரிய விசயம்தான்" என்று பனையடியையே ஒத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்துக்கு நான் தடையில்லை.

வாங்கவேண்டியவை: கயிறு. வெள்ளைப் பெயின்ற். எனக்குத் தைலம். அரிசி.

யூலை 7, ஞாயிறு

லீவு. ஒன்பது மணிவரை படுத்தேன். நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை.

பருப்பு அவித்தேன். ஒரு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் அவியவில்லை. வாடகை வீட்டுக் கிணறு சரியான சுண்ணாம்பு. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தலைமயிர் தென்னந்தும்பு மாதிரி. கொழும்பில் இருபத்திரண்டு வருடம் குழாய்த் தண்ணீரில் முழுகிவிட்டு வந்தவளுக்கு இது தண்டனை. ஆனால் பிறந்த தண்ணீர், குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஊருக்கு வந்தால் தனிமை போகும் என்று நினைத்துத்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். கொழும்பில் கேட்டால் "ஊருக்குப் போனால் எல்லாரும் இருக்கினம்" என்று சொல்லிக்கொண்டு திரியலாம். இங்கே வந்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. கொடிகாமத்தில் அண்ணை இருக்கிறார், வளவுக் காணி பிரித்த நாளிலிருந்து கதையில்லை. தங்கச்சி கனடாவில். வட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவாள், காலை வணக்கம் என்று. எனக்கு வயது நாற்பத்தேழு. முன்வீட்டு அம்மா நான் கல்யாணம் கட்டவில்லை என்று அறிந்ததிலிருந்து என்னைப் பார்த்தால் மெல்லிய குரலில் கதைக்கிறா, செத்த வீட்டில் போல.

பின்னேரம் சுகந்தி ஒரு படம் அனுப்பினாள். மகள் வரைந்த ரயில். கூரையில் எட்டு வாழைக்காய். "இதுதான் சிலிண்டராம் அக்கா." தனிய இருந்து சிரித்தேன். அந்தப் படத்தை நாலைந்து தரம் திறந்து பார்த்தேன். இதை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: அவள் இல்லாவிட்டால் நான் இந்த மூன்று மாதமும் மனிசரோடு கதைத்திருக்க மாட்டேன்.

யூலை 8, திங்கள்

ஐதரசன் லொறி மு.ப. 10க்கு வந்தது. சாரதி கொழும்பிலிருந்து இரண்டு நாளாக மணிக்கு நாற்பது கிலோமீற்றரிலேயே ஓட்டியிருக்கிறார், பாவம். மெதுவாக நிரப்பினோம். பி.ப. 4க்கு அழுத்தம் 350 பார். கூரையில் 35 பாகை.

கசிவை மோப்பம் பிடிக்கும் கையடக்கக் கருவியோடு ஏறினேன். பூச்சியம். எல்லா மூட்டிலும் பூச்சியம். கருவி நல்ல கருவிதான். ஆனால் இந்தச் சோளகத்தில் எது கசிந்தாலும் கருவியின் மூக்குக்கு வரமுன் வடக்குக் கடலுக்குப் போய்விடும். இதை அப்போதே யோசித்தேன். யோசித்துவிட்டு இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைதானே குமிழி பார்த்தோம்.

சனிக்கிழமை மேல்மூடி போடவேண்டும். சிலிண்டர்களை மறைக்கும் நீள மூடி, வெள்ளையும் நீலமும். அது போட்டால்தான் பெட்டிக்கு வடிவு.

சாப்பாட்டு நேரம் சுகந்தி தன் கதை. வட்டுக்கோட்டை. முப்பத்தேழு. வெல்டிங் படிக்கப் போனபோது வகுப்பில் இருபது ஆண்கள், இவள் ஒருத்தி. புருஷன் மேசன், நல்ல மனிசன். இரண்டு பிள்ளைகள். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வெள்ளோட்டம் சரிவந்தால் நிரந்தரம் என்று பணிப்பாளர் வாயால் சொல்லியிருக்கிறார். "கேற் செய்யிறதும் கிறில் ஒட்டுறதும் காணுமக்கா. உயர் அழுத்தக் குழாய் ஒட்டுற பொம்பிளை வடக்கிலை நான் மட்டும்தான். உதை விட்டிட்டு நான் இனிக் கோழிக்கூடு ஒட்டப் போகேலாது." சொல்லிவிட்டு என் பார்சலில் இருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள்.

யூலை 9, செவ்வாய்

மு.ப. 6: அழுத்தம் 337. 26 பாகை. குளிர்ந்தால் இறங்கத்தான் செய்யும். கணக்குப் பார்த்தேன், 340 இருக்கவேண்டும். மூன்று குறைவு. அழுத்தமானியின் பிழையாக இருக்கலாம்.

பி.ப. 4: 344. 35 பாகை. நேற்று இதே நேரம், இதே சூடு, 350.

பணிப்பாளரிடம் சொன்னேன். "நிரப்பேக்கை வாயு சூடாகியிருக்கும். இப்ப ஆறியிருக்கு. நீர் வீணாப் பயப்பிடுறீர்." அதுவும் நியாயமே. முதல் நாள் அப்படி இறங்குவது வழமை. ஆனால் ஆறு இறங்குமா?

இறங்கி வந்தால் கிணற்றடியில் மோகன் முகம் கழுவிக்கொண்டு நின்றான். ரயில் ஓட்டப்போகிறவன், மலைநாட்டு ஹட்டன் பிள்ளை, வந்து நாலு நாள். கையில் சவுக்காரத்தை உருட்டி உருட்டித் தேய்க்கிறான். "மேடம், இது என்னங்க தண்ணி. எவ்வளவு போட்டாலும் நொரையே வர மாட்டேங்குது. எங்க ஊர்ல கையில தொட்டாலே நொர தள்ளும். இங்க பாருங்க, தயிரு மாதிரி திரியுது."

கையை நீட்டிக் காட்டினான். வெள்ளையாகத் திரிதிரியாக.

அவன் கையைப் பிடித்துக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வாளிக்குள் இருந்ததும் இதேதான். வெள்ளைத் தண்ணீர், திரிதிரியாக. நுரை ஒரு துளி இல்லை. நுரையே வராத தண்ணீரில் குமிழி எங்கிருந்து வரும்? இருபத்துநாலு மூட்டிலும் குமிழி இல்லை என்று எழுதினோமே, அது மூட்டின் நல்ல குணம் இல்லை, கிணற்றின் கெட்ட குணம்.

நானும் சுகந்தியும் இரண்டு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். சவுக்காரம் நுரைக்காமல் இருப்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. குழந்தையிலிருந்து அப்படித்தான் முழுகினோம், அப்படித்தான் உடுப்புத் தோய்த்தோம். வாளியைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஹட்டனில் இருந்து வந்தவனுக்கு முகம் கழுவத் தொடங்கியதும் தெரிகிறது.

அந்த நேரம் சுகந்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தொ.பே. எடுக்கவில்லை. என்ன என்று சொல்வது.

யூலை 10, புதன்

காலை 7.30, சுன்னாகத்தில் பற்றரிக் கடை. பற்றரித் தண்ணீர் ஆறு போத்தல். காய்ச்சி வடித்த தண்ணீர், சுண்ணாம்பு கிடையாது. கடைக்காரர்: "என்ன பிள்ளை, எத்தினை பற்றரி?" ஒரு ரயில் என்றேன். பகிடி என்று நினைத்தார்.

சுகந்தி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தகரப் பேணியில் கலக்கினேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் பற்றரித் தண்ணீர், இரண்டிலும் ஒரே சவுக்காரம். ஒன்று திரிந்தது. மற்றது நுரைத்து வழிந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயோ அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காற்றுக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு மோகனும் ஏறினான். ஒன்று முதல் தொடங்கினோம். பதினாறு வரை நல்லது. பதினேழு, ஆறாம் சிலிண்டரின் கழுத்து மூட்டு. பூசிக் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி, கடுகளவு. அது உடையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கரை முழுக்க மெல்லிய வெள்ளை நுரை, தானே வளர்ந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மிச்சம் ஏழும் நல்லது.

சனிக்கிழமை மேல்மூடி போட்டிருந்தால் கசிவது அதற்குள் நின்றிருக்கும். சோளகம் உள்ளே போய்க் கலைக்க முடியாது. கீழே அறுபது பேர். மூடிக்குள் மின்விசிறி, வயர், பொறி. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

சுகந்தி இறங்கியதும் ஸ்பனரை எடுத்தாள். "அக்கா, ஒரு கால் சுத்து இறுக்கினால் நிண்டிடும். இறுக்கிப்போட்டுத் திரும்பப் பூசிப் பாப்பம். சரியெண்டால் ஞாயிறு ஓடலாம். ஆருக்குத் தெரியும்?"

அழுத்தத்தோடு இருக்கிற மூட்டை இறுக்கக்கூடாது, கழுத்து வெடித்தால் கை போகும், உனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும். நான் ஏறிச் செய்யிறன். நீங்கள் கீழை நில்லுங்கோ."

"சுகந்தி, அதை வை."

வைத்தாள். வைக்கவில்லை, போட்டாள். தண்டவாளக் கல்லில் பட்டு ஸ்பனர் துள்ளியது. "இந்த மாதம் முடிய எனக்கு வேலை இல்லை அக்கா. உங்களுக்கு இருக்கு" என்றாள்.

எல்லா வாயுவையும் வெளியே விடவேண்டும், மூட்டைக் கழற்றிப் புது அடைப்பு வளையம் போடவேண்டும், திரும்ப நைதரசன், திரும்ப லொறி. ஞாயிறு கிடையாது. பி.ப. 1.10க்குப் பணிப்பாளருக்குச் சொன்னேன், வெள்ளோட்டம் நிறுத்தம் என்று.  அவர்: "அழைப்பிதழ் குடுத்தாச்சு எண்டு உமக்குத் தெரியும்தானே." தெரியும். "ஆடி எண்டு தெரியும்தானே." தெரியும். "அப்ப என்ன கதைக்கிறீர்?" பதினேழாம் மூட்டைப் பற்றிக் கதைக்கிறேன் என்றேன்.

மதியம் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன்.

யூலை 11, வியாழன்

முகில். காற்றுக் கொஞ்சம் குறைவு, வேண்டாத நாளில்.

வாயுவை வெளியே விடும் வேலை. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காலை 6 முதல் பி.ப. 3 வரை. ஒரு சீறல், வேறொன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. கொழும்பிலிருந்து இரண்டு நாள் ஓட்டிக் கொண்டுவந்த பொருள், சுன்னாகத்து வானத்துக்குப் போகிறது. கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தோம். ஒரு அம்மா மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனா. "உதை ஏன் சும்மா விடுறியள், ஆருக்கும் குடுக்கலாம்தானே." யாருக்கு என்று யோசித்தேன்.

சுகந்தி வால்வடியில் நின்றாள், நேரத்தைக் குறித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். "ஓம்." "முந்நூறு." "ஓம்." "இருநூற்றி ஐம்பது." சாப்பாட்டை மாமரத்தடிக்குக் கொண்டுபோய் மோகனோடு இருந்து சாப்பிட்டாள். என் பார்சலை நான் பெட்டிக்குள் இருந்து சாப்பிட்டேன். கறி ஒன்றுதான் இருந்தது.

பணிப்பாளர் பி.ப. 4க்கு எடுத்தார். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயம். திங்கள் காலைக்குள் எழுத்தில் அறிக்கை வேண்டும். என்ன நடந்தது, யாரால் நடந்தது. "வதனி, நான் உமக்கு நல்லதுக்குச் சொல்லுறன். தண்ணி கலந்தது அந்தப் பிள்ளை. சோதிச்சது எண்டு கையெழுத்து வச்சதும் அந்தப் பிள்ளை. ஒப்பந்தக்காரிதானே. அவவின்ரை பிழை எண்டு முடிஞ்சால் விசயம் இதோடை முடியும். உம்மடை பேர் வந்தால் கொழும்பிலை விசாரணை, அது இதெண்டு இழுபடும். இருபத்திரண்டு வருசத்தை யோசியும்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. சவுக்காரத் தண்ணீருக்குச் சரி என்றது நான். உறுதிப்படுத்தியது நான். கருவியைக் காற்றில் பிடித்துவிட்டு இறங்கியதும் நான். அவளை விற்றுவிட்டு நான் எங்கே போய் இருப்பது? ஆறு மணிக்கு எழுதத் தொடங்கி ஏழுக்கு முடித்தேன். ஒன்றரைப் பக்கம். "பொருத்துநர் என் பணிப்புரையின்படியே செயற்பட்டார். தவறு முழுவதும் என்னுடையது." சுகந்தியின் பெயரை எங்கும் போடவில்லை. பொருத்துநர் என்று ஒரு தரம் மட்டும்.

எழுதிய பிறகு ஒரு நிம்மதி. கொஞ்சம் பெருமையும். மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

யூலை 12, வெள்ளி

மூட்டைக் கழற்றினோம். வளையத்தில் மயிரிழையளவு கீறல். சுகந்தி நகத்தால் தடவிக் காட்டினாள். அவ்வளவுதான் இன்று எங்களுக்குள் கதை.

பேருந்து நிறுத்தத்தடியில் உள்ள கொமினிகேசன் கடையில் அறிக்கையை அச்செடுத்தேன். வெள்ளோட்டத்தை நிறுத்தியபோது கூட நின்ற சாட்சி என்று மோகனின் கையெழுத்தும் வேண்டும். அவன் ஆறுதலாக வாசித்தான், விரலை வரிக்கு வரி வைத்து. "மேடம், சுகந்தி அக்கா பேரே இல்லையே." இல்லை, அப்படித்தான் என்றேன். "அவங்களுக்குத் தெரியுமா?" தெரியத் தேவையில்லை என்றேன். கையெழுத்து வைத்தான், ஆனால் முகம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருபவர்களுக்கு ஒரு மட்டையில் எழுதிக் கட்டினேன்: வெள்ளோட்டம் பிற்போடப்பட்டுள்ளது. எந்தத் திகதிக்கு என்று எழுத இடம் விட்டேன்.

வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்தேன். சவுக்காரம் திரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யூலை 13, சனி

மேல்மூடி போடுகிற நாள். போடவில்லை. வேலை இல்லாததால் வீட்டில்.

பத்து மணியிருக்கும். வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். சுகந்தி. மூன்று மாதத்தில் இந்த வீட்டுக்கு வந்ததில்லை, நான் கூப்பிட்டதுமில்லை. கூப்பிடத் தெரியாது எனக்கு. ஓடிப்போய்க் கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன். "வா, உள்ளுக்கு வா, தேத்தண்ணி போடுறன்" என்றேன். அவள் படலைக்கு இங்கால் வரவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"மோகன் சொன்னவன். உண்மையோ?"

"என்னது?"

"எல்லாம் உங்கடை பிழை எண்டு எழுதியிருக்கிறியளாம்."

ஓம் என்றேன். சந்தோசப்படப்போகிறாள் என்று உண்மையிலேயே நினைத்தேன். அழுதாலும் அழுவாள், சமாதானம் சொல்லவேண்டும் என்றுகூட.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ விடமாட்டாய்."

"அப்ப தெரிஞ்சுதானே செய்தனீங்கள்." அக்சிலேற்றரை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அந்தத் தண்ணியை அள்ளினது நான். கலக்கினது நான். நுரை வரேல்லை எண்டு பாக்காமல் விட்டது நான். இருபத்திநாலு மூட்டும் நான்தான் பூசினனான். பணிப்புரையின்படி எண்டு எழுதியிருக்கிறியள். நான் என்ன, உங்கடை கையிலை இருந்த பிரஷோ?"

"உன்ரை வேலை போயிடும் சுகந்தி."

"போனால் என்ரை வேலை போகும். என்ரை பிழைக்குப் போகும். உந்த அறிக்கையிலை என்ரை பேர் இல்லாட்டி, நான் அந்தக் கூரையிலை நிண்டதே இல்லை எண்டாகும். பிழை செய்யத் தெரியாதவள் வேலையும் தெரியாதவள்தானே. அடுத்த இடத்திலை போய் என்னெண்டு சொல்லுறது, ஒரு மிஸ் சொன்னவ, நான் பூசினனான் எண்டோ?"

 முன்வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. பார்க்கட்டும்.

"எனக்காண்டி எண்டு சொல்லாதேங்கோ" என்றாள். "நான் கேக்கேல்லை."

மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. ஒருவர் வீட்டுப் படலையில் நின்றுவிட்டு அதைச் சொல்லாமல் போவதென்றால் எங்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியும்.

வெறும் வயிற்றோடு கதிரையில் இருந்தேன். கோபம் வந்தது முதலில். அவளுக்காக இருபத்திரண்டு வருடத்தைக் கொண்டுபோய்ப் பணிப்பாளரின் மேசையில் வைக்கிறேன், இவள் என்னை ஏச வருகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் போன பிறகு மிஞ்சியதை எழுதுவது கஷ்டம். எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. நாளைக்கு அவள் அதை அறிந்து, எனக்கு நன்றியாக இருந்து, என்னை விட்டுப் போகாமல் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். ஒரு மனிசியாவது எனக்குக் கடமைப்பட்டு இருக்கட்டும் என்று. அதற்கு அவளின் பெயரை அழித்தேன். அவள் இருபது ஆண்களுக்கு நடுவில் இருந்து படித்து வாங்கிய கையெழுத்து அது. படிவத்தில் அவளுடைய கோடுதான் முதலாவது.

ஒரு மணிக்குக் கணினியைத் திறந்தேன். "தவறு முழுவதும் என்னுடையது" என்பதை எடுத்தேன். திரும்ப எழுதினேன். சோதித்தவர்: சுகந்தி. உறுதிப்படுத்தியவர்: நான். இந்தக் கிணற்றுத் தண்ணீர், இந்தச் சவுக்காரம், நுரை வராததை இருவரும் கவனிக்கவில்லை, காரணம் இருவருக்கும் அது பழக்கம். பிறகு ஒரு பந்தி, பற்றரித் தண்ணீரில் திரும்பச் சோதித்தபோது கசிவைக் கண்டுபிடித்ததும் இதே இருவர்தான் என்று. அதுவும் உண்மை. மோகன் திரும்பக் கையெழுத்து வைக்கவேண்டும், திட்டுவான்.

அனுப்ப முதல் அவளுக்குத் தொ.பே. எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கலாம் என்று நினைத்த நேரம் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம், பாத்திரச் சத்தம்.

"சொல்லுங்கோ."

"மாத்தி எழுதிட்டன்."

"என்ரை பேர் கிடக்கோ?"

"ஓம்."

"முழுப் பேரோ?"

"முழுப் பேர். முதல் கோட்டிலை."

 பிள்ளை ஏதோ கேட்டது, பொறு என்றாள்.

"அப்ப அனுப்புங்கோ" என்றாள்.